ஏசிஎல் கிழிந்த முட்டி: குருத்தெலும்பு நார்மல் என்றால் கபடி ஆடலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. பொங்கலுக்கு எங்கள் ஊரில் நடந்த கபடிப் போட்டியில் ரெய்டு போய்த் திரும்பும்போது வலது காலை ஊன்றித் திரும்பினேன். முட்டிக்குள் ‘டப்’பென்று சத்தம். யாரும் என்னைத் தொடக்கூட இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் முட்டி வீங்கிவிட்டது. எம்ஆர்ஐ எடுத்ததில், ஏசிஎல் ஜவ்வு (முட்டிக்குள் தொடை எலும்பையும் கெண்டைக்கால் எலும்பையும் பிணைப்பது) முழுதாகக் கிழிந்திருக்கிறது, மெனிஸ்கஸ் (அந்த எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருப்பவை) இரண்டும் நன்றாக இருக்கின்றன, எலும்பில் ரத்தக்கட்டு இருக்கிறது, குருத்தெலும்பு நார்மல் என்று எழுதியிருக்கிறார்கள். இப்போது இரண்டு மாதம் ஆகிறது. வீக்கம் வடிந்துவிட்டது. நடக்கிறேன், பைக் ஓட்டுகிறேன், வலி இல்லை. ஆனால் டாக்டர் ஆபரேஷன் செய்துகொள், அப்புறம் ஒன்பது மாதம் விளையாட்டே கூடாது, இப்படியே விட்டால் தேய்மானம் வரும் என்கிறார். குருத்தெலும்புதான் நார்மலாச்சே, தேய்மானம் எங்கிருந்து வரும்? சித்திரைத் திருவிழாப் போட்டியில் ஒரு ஆட்டமாவது ஆடலாமா? ஆறு மாதம் காலை அசைக்காமல் வைத்தால் தானே ஒட்டிக்கொள்ளும் என்கிறார் மாமா. அம்மா தினமும் ஆட்டுக்கால் சூப் வைத்துத் தருகிறார். ஆபரேஷன் செய்தால் தேய்மானம் வராது என்று உறுதி உண்டா, மேடம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்

பதில்: தம்பி, அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சித்திரைப் போட்டி வேண்டாம். ஒரு ஆட்டம் மட்டும் என்றாலும் வேண்டாம். பந்தலில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுங்கள், பையன்களுக்குச் சத்தம் போடுங்கள், கோட்டுக்குள் மட்டும் இறங்காதீர்கள்.

இனி காரணம். குருத்தெலும்பு நார்மல் என்றால் தேய்மானம் எங்கிருந்து வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பிசியோ அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மனதில் இருக்கும் கேள்விதான் இது. வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. அந்த ‘நார்மல்’ எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று தெரிந்துகொண்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

சாதாரண எம்ஆர்ஐ பார்ப்பது வடிவத்தை. முட்டிக்குள் எலும்பு நுனிகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு பெரும்பாலான இடங்களில் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் குழி விழுந்திருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா, மெலிந்திருக்கிறதா, ஒரு துண்டு பெயர்ந்து வந்திருக்கிறதா என்று படம் காட்டும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை, நல்ல செய்தி. ஆனால் அழுத்தினால் அந்தத் திசு எவ்வளவு தாங்கும், எவ்வளவு அமுங்கும், அமுங்கியது எத்தனை வேகத்தில் திரும்பி வரும் என்பதெல்லாம் அந்தப் படத்தில் தெரியாது. ஏசிஎல் கிழிந்தபின் முதலில் மாறுவதோ இந்தக் குணங்கள்தான். மெலிவதும் தேய்வதும் பல வருடம் கழித்து வருகிற விஷயம்.

அந்தத் திசுவைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். குருத்தெலும்பின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தண்ணீர்தான். மிச்சத்தில் பெரும்பகுதி இரண்டு பொருள்கள். ஒன்று கொலாஜன், மெல்லிய நார்களால் ஆன வலை. இன்னொன்று புரோட்டியோகிளைக்கான் என்கிற பெரிய மூலக்கூறு, வலைக்குள் அடைபட்டுக் கிடப்பது. இதன் உடம்பெல்லாம் எதிர்மின்னூட்டம் இருப்பதால் எப்போதும் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும், உப்பப் பார்க்கும். வலை அதை உப்பவிடாமல் இறுக்கிப் பிடிக்கும். இந்த இழுபறியில் பிறப்பதுதான் குருத்தெலும்பின் விறைப்பு. இதற்கு ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. நரம்பு இல்லாததால் அதற்கு அடிபட்டாலும் அது வலிக்காது. ‘வலி இல்லை’ என்று நீங்கள் எழுதியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

நீங்கள் காலை ஊன்றும் நொடியில் என்ன நடக்கிறது? உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறப் பார்க்கும். ஆனால் வலையின் துளைகள் அவ்வளவு நுண்ணியவை, சட்டென்று வெளியேற வழியில்லை. அதனால் தண்ணீருக்குள் அழுத்தம் ஏறி, திடீரென்று விழும் பாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் அந்தத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். நார்கள் மேல் விழுவது சொற்பம். 1980இல் வான் மவ் என்ற அமெரிக்கப் பொறியியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். திடமும் திரவமும் சேர்ந்து பாரம் சுமக்கும் பொருளாகக் குருத்தெலும்பைப் பார்க்கும் அந்தக் கோட்பாட்டை வைத்துத்தான் இன்றும் பேசுகிறோம். உராய்வு அவ்வளவு குறைவாக இருப்பதற்கும் பெரிய காரணம் இதே தண்ணீர் அழுத்தம்.

இப்போது உங்கள் பொங்கல் ஆட்டத்துக்கு வருவோம். தொடாமலேயே கிழிந்தது என்று ஆச்சரியப்பட்டிருக்கிறீர்கள். ஏசிஎல் பெரும்பாலும் அப்படித்தான் கிழிகிறது. ஊன்றிய கால் நின்றுவிடுகிறது, உடம்பு திரும்புகிறது. நார்வே ஆய்வாளர்கள் விளையாட்டு வீடியோக்களைப் பிரேம் பிரேமாக ஆராய்ந்து, கால் தரையைத் தொட்ட சுமார் 40 மில்லிசெகண்டுக்குள் ஜவ்வு போய்விடுகிறது என்று கணித்திருக்கிறார்கள். கண் இமைப்பதற்குக்கூட அதைவிட அதிக நேரம் வேண்டும். கிழிந்த கணத்தில் கெண்டைக்கால் எலும்பு முன்னால் நழுவ, தொடை எலும்பின் வெளிப்பக்கக் குமிழ் அதன் பின் விளிம்பில் போய் இடித்துக்கொள்ளும். உங்கள் ரிப்போர்ட்டில் ‘எலும்பில் ரத்தக்கட்டு’ என்று எழுதியிருப்பது அந்த இடியின் தடம். எந்த இடத்தில் என்று எடுத்துப் பாருங்கள். முட்டியின் வெளிப்பக்கம், தொடை எலும்பில் ஒன்று, கீழே பின்பக்கம் ஒன்று என்று இருக்கும். பெரும்பாலான ஏசிஎல் கிழிசல்களில் இதே ஜோடியைத்தான் பார்க்கிறோம். நானே படத்தைப் பார்த்தால் முதலில் தேடுவது இதைத்தான்.

எலும்பு கன்றிப்போகும் அளவுக்கு இடி விழுந்திருக்கிறது. அந்த இடி முழுவதும் எலும்பைப் போய்ச் சேர்ந்தது எதன் வழியாக? நடுவில் இருந்த குருத்தெலும்பு வழியாகத்தான். மேலே பார்க்க வழவழவென்று முழுசாக இருந்தாலும், அந்த இடத்தில் மேலடுக்குச் செல்களில் ஒரு பகுதி செத்திருக்க வாய்ப்பு உண்டு. அந்தச் செல்களே எண்ணிக்கையில் மிகக் குறைவு. வலையையும் அதனுள் இருக்கும் சரக்கையும் பராமரிக்கிற ஆட்கள் அவர்கள்தான்.

அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் வீங்கியது மூட்டுக்குள் கசிந்த ரத்தம். ரத்தத்தோடு அழற்சிப் பொருள்களும் மூட்டு நீரில் பெருகும். அவை வலையை அரிக்கும் நொதிகளைத் தூண்டிவிடும். மேற்பரப்பை வழுவழுப்பாக வைத்திருக்கும் லூப்ரிசின் என்ற புரதமும் ஏசிஎல் காயத்துக்குப் பின் மூட்டு நீரில் குறைந்துபோவதை அளந்திருக்கிறார்கள். வெளியே வீக்கம் வடிந்ததும் உள்ளே எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்த அழற்சி மாதக் கணக்கில் தொடரலாம்.

மனிதனின் முட்டியைத் திறந்து வாராவாரம் குருத்தெலும்பை வெட்டி அளக்க முடியாது இல்லையா, அதனால் தெளிவான அளவுகள் விலங்குகளிலிருந்து வந்தவை. 1973இல் பாண்ட், நுகி என்ற இருவர் நாய்களின் முட்டியில் இந்த ஒரு ஜவ்வை மட்டும் வெட்டிவிட்டு, பின்னால் தேய்மானம் வருவதைக் காட்டினார்கள். அதன் பிறகு வந்தவர்கள் அதே மாதிரி முட்டிகளின் குருத்தெலும்பை எடுத்து இழுத்தும், அழுத்தியும், திருகியும் பார்த்தார்கள். 6 வாரம், 12 வாரம் என்ற கட்டத்திலேயே இழுத்தால் தாங்கும் விறைப்பு நன்றாகக் குறைந்திருந்தது. அழுத்தத்தைத் தாங்கும் விறைப்பும் குறைந்திருந்தது. தண்ணீர் சதவீதம் கூடியிருந்தது. இதையெல்லாம்விட முக்கியம், தண்ணீர் உள்ளே ஓடும் எளிமை கூடியிருந்தது. கண்ணுக்கு அந்தக் குருத்தெலும்பு பெரும்பாலும் நல்லதாகவே தெரிந்தது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஜவ்வு போன பின் ஆரம்ப காலத்தில் குருத்தெலும்பு மெலிவதில்லை, சில இடங்களில் தடிக்கிறது! நாய்களிலும் பார்த்திருக்கிறார்கள், மனிதர்களை எம்ஆர்ஐயில் தொடர்ந்து அளந்தபோதும் சில பகுதிகளில் பார்த்திருக்கிறார்கள். தடித்தால் பலம்தானே என்று தோன்றும். இறுக்கித் தைத்த நெல் மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் ஏறி நின்றால் அசையாது. தையல் இளகிவிட்டால் மூட்டை பருக்கும், ஆனால் கால் வைத்த இடத்தில் அமுங்கும். குருத்தெலும்பில் கொலாஜன் வலை சாக்கு, புரோட்டியோகிளைக்கானும் அது பிடித்திருக்கும் தண்ணீரும் சரக்கு. காயத்துக்குப் பின் முதலில் இளகுவது சாக்கு, அதுவும் மேற்பரப்பில். பிறகு சரக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்துகிறது.

இளகியபின் நடப்பது ஒரு சுழல். தண்ணீர் எளிதாக வெளியேறும்போது முன்பு போல அழுத்தம் ஏறாது. அழுத்தம் ஏறாவிட்டால் அது சுமந்த பாரம் நார்கள் மேலும் செல்கள் மேலும் விழும். அதனால் நார்கள் இன்னும் நையும், துளைகள் இன்னும் விரியும், தண்ணீர் இன்னும் எளிதாக வெளியேறும். உராய்வும் கூடும். டாக்டர் ‘பிற்காலத்தில் தேய்மானம்’ என்று ஒரு வரியில் சொன்னதன் உள்கதை இது.

இதோடு இன்னொன்று சேர்கிறது. ஏசிஎல் இல்லாத முட்டியில், நடக்கும்போதே கெண்டைக்கால் எலும்பு பழைய இடத்திலிருந்து சற்று முன்னாலும், சற்று திரும்பியும் நிற்கிறது. உங்களுக்குத் தெரியவே தெரியாத அளவு. ஆனால் சின்ன வயதிலிருந்து பாரம் சுமந்து பழகிய இடத்திலிருந்து, பழகாத இடத்துக்குப் பாரம் நகர்கிறது. குருத்தெலும்பு எல்லா இடத்திலும் ஒரே தடிமனாகவும் ஒரே விறைப்பாகவும் இருப்பதில்லை. எங்கே அதிகம் சுமக்கிறதோ அங்கே அதற்கேற்ப வளர்ந்திருக்கும். பாரமும் கொஞ்சநஞ்சம் இல்லை. பெர்லினில், உள்ளே உணரி பொருத்திய செயற்கை மூட்டு வைத்தவர்களிடம் அளந்தபோது, சமதளத்தில் நடக்கும்போது முட்டியில் விழுவது உடல் எடையைப் போல சராசரியாக 2.6 மடங்கு, படி இறங்கும்போது சுமார் 3.5 மடங்கு என்று வந்தது. நீங்கள் 70 கிலோ என்று வைத்துக்கொண்டால் படி இறங்கும் ஒவ்வொரு அடிக்கும் சுமார் 245 கிலோ. ரெய்டில் தாவித் திரும்பினால் எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த மென்மையைக் காண்பிக்கும் எம்ஆர்ஐ இல்லையா என்றால், இருக்கிறது. டி2, டி1ரோ என்று இரண்டு முறைகள் உண்டு. முதலாவது தண்ணீர், நார்களின் ஒழுங்கைப் பற்றியும், இரண்டாவது புரோட்டியோகிளைக்கான் பற்றியும் குறிப்புத் தரும். ஏசிஎல் போனவர்களிடம் சாதாரணப் படம் நார்மலாக இருந்தும் இவற்றில் மாற்றம் தெரிந்திருக்கிறது. ஆனால் இவை பெரும்பாலும் ஆராய்ச்சிக்குப் பயன்படுபவை. அதைத் தேடிச் சென்னைக்குப் போய்ப் பணம் செலவழிக்காதீர்கள். முடிவு எதுவாக இருந்தாலும் நான் சொல்லப்போகும் ஆலோசனை மாறாது. ஆபரேஷனுக்குப் போனால், ஆர்த்ராஸ்கோப்பியில் (சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டு மூட்டுக்குள் பார்க்கும் முறை) டாக்டர் ஒரு சின்னக் கொக்கியின் நுனியால் குருத்தெலும்பை அழுத்திப் பார்ப்பார். மிருதுவாக இருந்தால் கையிலேயே தெரியும். 1961இல் அவுட்டர்பிரிட்ஜ் வகுத்த தரவரிசையில் முதல் தரம் என்பதே மென்மையும் வீக்கமும்தான், வெடிப்பு அதற்கு அடுத்துத்தான் வருகிறது. ஆபரேஷன் குறிப்பில் இதை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு ‘நம்ம முட்டி போச்சு’ என்று உட்கார்ந்துவிட வேண்டாம். ஏசிஎல் கிழிந்தவர்களில் 10 முதல் 20 ஆண்டுக்குள் தேய்மானம் வருவது ஏறக்குறைய பாதிப் பேருக்கு. ஸ்வீடனில் ஏசிஎல் கிழிந்த பெண் கால்பந்து வீராங்கனைகளை 12 ஆண்டு கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது 51 சதவீதம் பேருக்குத் தேய்மானம் தெரிந்தது, அப்போது அவர்களின் சராசரி வயது 31தான். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்ற பாதிப் பேருக்கு வரவில்லை என்பதும் அதே எண்ணிக்கைக்குள் இருக்கிறது. யார் எந்தப் பாதியில் விழுவார்கள் என்பதை முதல் இடி மட்டும் தீர்மானிப்பதில்லை. மெனிஸ்கஸ் பிழைத்ததா, தொடைத் தசை திரும்ப வந்ததா, எடை ஏறியதா, முட்டி மறுபடி நழுவியதா என்பதெல்லாம் சேர்ந்துதான்.

ஆபரேஷன் செய்தால் தேய்மானம் வராது என்று உறுதி உண்டா? இல்லை. அப்படி யாராவது உறுதி தந்தால் நம்பாதீர்கள். புது ஜவ்வு வைத்தாலும் அன்றைய இடி இடிதான், மூட்டின் நுண்ணிய சுழற்சியும் முழுக்கப் பழையபடி ஆகிவிடுவதில்லை. ஸ்வீடனில் 121 இளைஞர்களை இரண்டு பிரிவாக்கி ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன், கூடவே பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன். 2010இல் வந்த இரண்டாண்டு முடிவிலும் பின்னர் வந்த ஐந்தாண்டு முடிவிலும் வலி, செயல்பாடு இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாம் பிரிவில் பாதிப் பேர் ஐந்தாண்டுக்குள் ஆபரேஷனுக்குப் போனார்கள், மீதிப் பாதி போகவேயில்லை.

அப்படியென்றால் டாக்டர் ஏன் சொல்கிறார்? உங்கள் மெனிஸ்கஸுக்காக, என்று நினைக்கிறேன். அது இரண்டும் நன்றாக இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள், உங்கள் ரிப்போர்ட்டிலேயே விலை மதிப்புள்ள வரி அதுதான். பாரத்தைப் பரப்பித் தருவது மெனிஸ்கஸ். அது போனால் ஏற்கெனவே இளகிய குருத்தெலும்பின் ஒரு சின்ன இடத்தில் பாரம் குவியும். ஏசிஎல் இல்லாத முட்டியோடு கபடி ஆடினால் அடுத்து நழுவும்போது போவது அதுதான். என் கருத்தைக் கேட்டால், இனி கபடியே வேண்டாம், வேலை, பைக், சைக்கிள் போதும் என்று முடிவெடுத்தால், மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து, முட்டி நழுவுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அதுவும் நியாயமான வழிதான், டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள். கபடி வேண்டும் என்றால் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள். பாடிப் போய்ச் சட்டென்று திரும்பும் ஆட்டத்துக்கு அந்த ஜவ்வு இல்லாமல் முடியாது. செலவு கவலை என்றால் ஈஎஸ்ஐ அட்டை இருக்கிறதா பாருங்கள், முதலமைச்சர் காப்பீட்டில் வருமா என்று விசாரியுங்கள், புதுவை கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையும் இருக்கிறது.

மாமா சொன்னதற்கு வருவோம். ‘தானே ஒட்டும்’ என்பதை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். அந்த ஸ்வீடன் சோதனையிலேயே, ஆபரேஷன் இல்லாமல் பயிற்சியோடு மட்டும் இருந்தவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கு இரண்டாண்டு கழித்து எம்ஆர்ஐயில் ஜவ்வு சேர்ந்ததற்கான அடையாளம் தெரிந்தது. ஆனால் அவர்கள் காலை நீட்டிப் படுத்திருந்தவர்கள் இல்லை, நன்றாகப் பயிற்சி செய்தவர்கள். ஆறு மாதம் அசைக்காமல் வைப்பது குருத்தெலும்பைப் பட்டினி போடுவதற்குச் சமம். ரத்தக் குழாய் இல்லாத திசு அது. அமுங்கி, விடுபட்டு, மூட்டு நீர் உள்ளே போய் வந்தால்தான் செல்களுக்குச் சோறு. காலைக் கட்டிவைத்த விலங்குகளிலும் குருத்தெலும்பு மிருதுவாகியிருக்கிறது. தண்டுவடம் அடிபட்டு நடக்க முடியாமல் போனவர்களுக்கு ஓராண்டுக்குள்ளேயே முட்டிக் குருத்தெலும்பு அளந்து சொல்லும் அளவுக்கு மெலிந்திருக்கிறது. மாமாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். எண்ணெய் போட்டு உருவுகிறேன், கட்டுப் போடுகிறேன் என்று யாரிடமாவது அழைத்துப் போனால் மட்டும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

அம்மாவின் சூப்பு? ருசியாக இருந்தால் குடியுங்கள். அதில் இருக்கும் கொலாஜன் வயிற்றில் செரித்துச் சாதாரணப் புரதமாகத்தான் போகும், நேராக முட்டிக்குப் போய் வலையில் உட்காராது. ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கும் கொலாஜன் பவுடருக்கும் இதே பதில்தான், சூப்பாவது மலிவு. கொலாஜன் வலை எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு ஒரு ருசிகரமான ஆதாரம் உண்டு. 1950, 60களில் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டுச் சோதனை நடத்தியதால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியது. சாப்பாடு வழியாக அது எல்லோர் உடம்பிலும் ஏறியது. டென்மார்க் ஆய்வாளர்கள் 2016இல் மனித முட்டிக் குருத்தெலும்பின் கொலாஜனில் அந்தக் கார்பனை அளந்து பார்த்தார்கள். விடலைப் பருவம் முடிவதற்குள் நெய்யப்பட்ட வலைதான் கடைசிவரை, பெரியவர்களான பின் ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை, தேய்மானம் வந்தவர்களிலும் அப்படித்தான் என்று தெரிந்தது.

ஆனால் புரோட்டியோகிளைக்கான் அப்படி இல்லை. அதைச் செல்கள் மறுபடி உண்டாக்கும், அளவாகப் பாரம் கொடுத்தால் அது கூடவும் செய்யும். 2005இல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வில், மெனிஸ்கஸ் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் வாரம் மூன்று முறை வீதம் நான்கு மாதம் மேற்பார்வையில் பயிற்சி செய்தபோது, குருத்தெலும்பில் அந்தப் பொருள் கூடியதற்கான அடையாளம் சிறப்பு எம்ஆர்ஐயில் தெரிந்தது. உங்களுக்கு நான் சொல்லவருவது இதைத்தான். சிந்திய சரக்கைத் திரும்ப நிரப்பலாம், கிழிந்த சாக்கைத் திரும்ப நெய்ய முடியாது. ஆகவே இப்போதைக்கு வேலை இரண்டு. தினமும் அளவாகப் பாரம் கொடுப்பது, இன்னொரு இடி விழாமல் பார்த்துக்கொள்வது.

முதல் வேலைக்கு உங்கள் தொடைத் தசைதான் கதாநாயகன். வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். கட்டிலில் இரண்டு காலையும் நீட்டி உட்காருங்கள். முட்டிக்குக் கீழே ஒரு துண்டை மடித்து வைத்து அதைக் கட்டிலோடு அழுத்துங்கள். நல்ல காலில் முட்டிச் சில்லுக்கு மேல் உட்பக்கமாக ஒரு தசை கொழுக்கட்டை போலத் திரண்டு எழும், குதிகால் கட்டிலை விட்டுச் சற்று உயரும். வலது காலில் அந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். குதிகாலும் எழாது. முட்டிக்குள் நீர் கோத்தாலே மூளை அந்தத் தசைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடும், வீக்கம் போனபின்னும் அது தானாகத் திரும்பி வருவதில்லை. தரையில் கால் ஊன்றும்போது வரும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டிய தசை அது. அது தூங்கினால் அதிர்ச்சி நேரே குருத்தெலும்புக்கு.

அதனால் முதல் இலக்கு, முட்டி நல்ல கால் அளவுக்கு முழுசாக நீள வேண்டும், அந்தத் தசை எழ வேண்டும். ஆபரேஷன் செய்வதாக இருந்தாலும் இதை முன்னாடியே சாதித்துவிட்டுப் போங்கள், பின்னால் பாதிச் சிரமம் குறையும். அப்புறம் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. இரண்டு காலில் எளிதானதும், உயரமான இருக்கையிலிருந்து வலது காலை மட்டும் ஊன்றி எழுவது. கண்ணாடி முன் செய்யுங்கள். முட்டி உள்பக்கமாக மடிந்து சரிந்தால் அது கணக்கில் சேராது, உயரத்தைக் கூட்டிக்கொண்டு மறுபடி செய்யுங்கள். சைக்கிள் அருமையான மருந்து, சீட்டை மட்டும் உயர்த்திக்கொள்ளுங்கள். நடைக்கு அண்ணா ஸ்டேடியம் மாதிரி மட்டமான தரை போதும். இங்கே புதுவைக்கு வந்தால் மாலையில் வண்டி விடாத கடற்கரைச் சாலையில் நடக்கலாம். சில்வர் பீச் மணலில் ஓடாதீர்கள், மணலில் கால் புதைந்து திரும்பும் ஒவ்வொரு அடியும் உங்கள் பொங்கல் ரெய்டின் சின்ன பதிப்பு. நீச்சல் தெரிந்தால் நல்லது, தவளை மாதிரி உதைக்கும் நீச்சல் மட்டும் கூடாது. பைக்கில் கிக்கர் உதைப்பதும், நிறுத்தும்போது வலது காலை ஊன்றி வண்டியோடு சுற்றுவதும் வேண்டாம். ஷிப்டில் ஈரத்தரை, ஏணி இருந்தால் சூப்பர்வைசரிடம் சொல்லி இரண்டு மாதத்துக்கு வேறு இடம் கேளுங்கள். சம்மணம் போடுவதும் குந்துவதும் வலியில்லாமல் வந்தால் போடலாம், ஆனால் குந்திய நிலையில் அப்படியே திரும்பாதீர்கள்.

பயிற்சி கூடிப்போனதா என்பதை முட்டியே சொல்லும். மறுநாள் காலையில் சில்லுக்கு மேல் உப்பியிருந்தால் முந்தின நாள் செய்தது அதிகம், அடுத்த நாள் பாதியாக்குங்கள். உப்பவில்லை என்றால் மெல்லக் கூட்டுங்கள். தசை வலிப்பது சரி, மூட்டு வீங்குவது சரி இல்லை.

ஒன்பது மாதக் கணக்கு டாக்டர் உங்களைப் பயமுறுத்தச் சொன்னதில்லை. எடுத்து வைக்கும் தசைநாண் ஜவ்வாக மாறுவதற்கு நடுவில் சில மாதங்கள் வைத்ததைவிடப் பலவீனமாக இருக்கும், அதே சமயம் முட்டி வெளியே சௌகரியமாக இருக்கும். நார்வேயில், ஆபரேஷனுக்குப் பின் விளையாடத் திரும்பியவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, ஒன்பது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நாள் மட்டும் போதாது, வலது தொடையின் பலம் இடது தொடையின் பலத்தில் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும், ஒற்றைக்கால் தாண்டுதலிலும் அப்படியே. காலண்டரும் பலமும் இரண்டும் சேர்ந்து ‘சரி’ சொன்னால் அடுத்த பொங்கலுக்கு இல்லை என்றாலும் அதற்கு அடுத்த பொங்கலுக்கு ரெய்டு போகலாம்.

நடுவில் முட்டி மடக்கிய நிலையில் பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் ஒரு தடவை நழுவினாலோ, ரிப்போர்ட்டின் மெனிஸ்கஸ் வரி பழையதாகியிருக்கலாம் என்று அர்த்தம். பொறுத்துப் பார்க்காமல் அந்த வாரமே டாக்டரிடம் போங்கள், ரிப்போர்ட் தாளோடு எம்ஆர்ஐ படத்தையும் எடுத்துப் போங்கள்.

ஒரு தையல்காரர் டேப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முட்டிச் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே பேனாவால் கோடு போட்டு, இரண்டு தொடையின் சுற்றளவையும் அளந்து தேதியோடு எழுதுங்கள். நான்கு வாரம் நான் சொன்னதைச் செய்துவிட்டு மறுபடி அளந்து, நான்கு எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டப் பயிற்சியைச் சொல்கிறேன்.